நாற்றங்காலைக் காணும் கண்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இயலும் இசையும் நாடகமும் முழங்கும் இம்மேடையில் கிரிக்கெட்டைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்து நிற்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அதைப் பற்றித்தான் தொலைக்காட்சி அல்லும் பகலும் பேசுகிறதே, இங்கும் வேண்டுமா என்று கேட்கவும் கேட்கலாம். தொலைக்காட்சி பேசுவது களத்துமேட்டுக்கு வந்து சேர்ந்த நெல்லைப் பற்றி. நான் பேச வந்திருப்பது நாற்றங்காலைப் பற்றி. விளைந்த கதிரைப் பார்க்க ஊரே வரும். நாற்றைப் பார்க்க உழவன் ஒருவன்தான் வருவான். அந்த உழவனின் கண் நமக்கும் வேண்டும் என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

ஏன் வேண்டும்? விடியற்காலையில் நம் துவாரகாவின் சாலைகளில் நடந்து பாருங்கள். தம் உயரத்துக்குச் சற்றே குறைந்த பையைத் தோளில் சுமந்து பயிற்சிக்குப் போகும் சிறுவர் சிறுமியரைக் காண்பீர்கள். பக்கத்து நஜஃப்கட்டிலிருந்து வீரேந்தர் சேவாக் எழுந்தார்; மேற்குத் தில்லியிலிருந்து விராட் கோலி எழுந்தார். ஆகவே இப்பகுதியில் கனவுக்குப் பஞ்சமில்லை. அப்பைகளுள் சில நம் தமிழ்க் குடும்பங்களின் பைகள். அவற்றைச் சுமக்கும் பிள்ளைகளை நாம் எந்தக் கண்கொண்டு பார்க்கிறோமோ, அதற்கேற்பவே அவர்களுடைய இளமை இனிக்கும், அல்லது கசக்கும்.

ஒரு பிள்ளை ஏற வேண்டிய படிகளை முதலில் எண்ணுவோம். பையன்களில் 16 வயதுக்கு உட்பட்டோருக்கு விஜய் மெர்ச்சன்ட் கோப்பை. 19 வயதுக்கு உட்பட்டோருக்கு வினு மன்கட் கோப்பையும் கூச் பெஹார் கோப்பையும். 23 வயதுக்கு உட்பட்டோருக்கு சி. கே. நாயுடு கோப்பை. அதற்கும் மேலே ரஞ்சிக் கோப்பை. 1934 நவம்பரில் ரஞ்சியின் முதல் ஆட்டம் நடந்த இடம் நம் சேப்பாக்கம் என்பதும், அதில் சென்னை அணி மைசூர் அணியை ஒரே நாளில் வென்றது என்பதும் நாம் மகிழ்ந்து சொல்லிக்கொள்ளத் தக்கவை. அண்மைப் பருவங்களில் ரஞ்சியில் ஆடிய அணிகள் 38. அணிக்குப் பதினொருவர் என்று கொண்டால் 418 பேர். இந்திய அணியில் இடம் பதினொன்று. இக்கணக்கைப் பெற்றோர் ஒவ்வொருவரும் ஒருமுறை தாளில் எழுதிப் பார்ப்பது நன்று.

அமெரிக்க நாட்டில் பேஸ்பால் ஆட்டத்துக்கு இத்தகைய படிகளை ஒரு பெரும் பண்ணையாகவே அமைத்திருக்கிறார்கள். 1920-களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை நடத்திய பிராஞ்ச் ரிக்கி, சிற்றூர் அணிகளைத் தம் அணியோடு இணைத்து, இளைஞர்களை அங்கே வளர்த்து மேலே கொண்டுவரும் முறையை வகுத்தார். அதற்கு அவர்கள் இட்ட பெயரும் பண்ணை முறை என்பதுதான். 2021-இல் ஒழுங்கு செய்தபின், 30 பெரிய அணிகளுக்கும் அணிக்கு நான்காக 120 சிறிய அணிகள் அமைந்தன. அவற்றை மைனர் லீக் என்பர். பெயரறியாத இளைஞர் ஆடுவதைக் கண்டு, "இவன் மேலே போவான்" என்று மதிப்பிட்டு, ஆண்டுக்கணக்கில் அவரைப் பின்தொடர்வதையே இன்பமாகக் கொண்ட அன்பர்கள் அங்கே பலர்.

அப்பண்ணையில் நம் நாட்டுப் பிள்ளைகள் இருவரும் நின்றதுண்டு. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் ஈட்டி எறிந்து பழகியவர்கள். 2008-இல் இந்தியாவில் நடந்த பந்தெறிப் போட்டி ஒன்றில் தேர்வு பெற்று, பேஸ்பாலையே அறியாத அவ்விருவரும் அமெரிக்கா சென்று, அவ்வாண்டு இறுதியிலேயே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியோடு ஒப்பந்தம் செய்தனர். தினேஷ் 2010-இல் விடுவிக்கப்பட்டார். ரிங்கு இன்னும் சிறிது மேலே ஏறினார். காயம் அவரையும் தடுத்தது. இருவரும் உச்சியை எட்டவில்லை. ஆயினும் அவர்கள் வென்ற தொலைவு சிறிதா? உச்சியை மட்டுமே அளவுகோலாகக் கொள்வோருக்கு அத்தொலைவு கண்ணில் படாது.

இனி நம் தில்லிக்கு வருவோம். 19 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகக் கோப்பையை 2008-இல் இந்தியா வென்றபோது தலைவர் விராட் கோலி. 2012-இல் வென்றபோது தலைவர் உன்முக்த் சந்த். இறுதி ஆட்டத்தில் ஆட்டமிழக்காமல் 111 ஓட்டங்கள் எடுத்தவரும் அவரே. 2022-இல் வென்றபோது தலைவர் யஷ் துல். நம்மை அடுத்த ஜனக்புரியைச் சேர்ந்தவர். மூவரும் தில்லிப் பிள்ளைகள். ஏறத்தாழ ஒரே வயதில் ஒரே கோப்பையை உயர்த்தியவர்கள். அவர்களுள் கோலி 123 டெஸ்ட் ஆட்டங்கள் ஆடி, 2025-இல் டெஸ்டிலிருந்து விடைபெற்றார். உன்முக்த் சந்த் இந்தியாவின் மூத்தோர் அணியில் ஒருமுறையேனும் ஆடாமல், 2021-இல் இந்தியக் கிரிக்கெட்டை விட்டு அமெரிக்காவுக்குச் சென்றார். யஷ் துல்லோ, கோப்பை வென்ற அதே மாதத்தில் ரஞ்சியில் அடியெடுத்து வைத்து, முதல் ஆட்டத்தின் இரண்டு இன்னிங்ஸிலும் சதம் அடித்தார். எதிரணி எது தெரியுமா? நம் தமிழ்நாடு! அதே ஆட்டத்தில் தமிழ்நாட்டின் ஷாருக் கான் 194 ஓட்டங்கள் குவித்தார். தில்லித் தமிழன் யாருக்குக் கைதட்டுவது? இரண்டு கைகள் இருப்பது அதற்காகத்தான் என்பேன்.

பத்தொன்பது வயதில் ஒன்றாகத் தோன்றிய வழிகள் பின்னர் இவ்வாறு பிரிகின்றன. இதை முன்கூட்டி உரைக்க வல்லார் எவருமிலர். 2006 நவம்பரில் கோட்லா திடலில் கோலி தம் முதல் ரஞ்சி ஆட்டத்தை ஆடினார். அன்றும் எதிரணி தமிழ்நாடுதான். அவர் எடுத்தவை 10 ஓட்டங்கள். ஓட்டக் கணக்கு ஏட்டை மட்டும் பார்த்தவர் அவரை மறந்திருப்பார். அடுத்த மாதமே, தந்தையார் இறந்த துயரைத் தாங்கிக்கொண்டு, கர்நாடகத்துக்கு எதிராக ஆடவந்து 90 ஓட்டங்கள் எடுத்து அணியைக் காத்தார். ஆளை அளந்து காட்டியது அந்த 90. ஆகவே இளைஞரைப் பின்தொடர்வோர் பார்க்க வேண்டியது எத்தனை ஓட்டம் என்பதை மட்டும் அன்று. எத்தகைய ஆடுகளம், எத்தகைய பந்துவீச்சு, தோற்ற மறுநாள் எப்படி வந்து நின்றான், முதற்பருவத்தில் கண்ட குறையை மறுபருவத்தில் களைந்தானா என்பவற்றைப் பார்க்க வேண்டும். வள்ளுவர் தெரிந்துதெளிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஆளைத் தேர்வதற்குப் பொறுமை வேண்டும் என்பதை நம்மவருக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை.

பொறுமைக்குப் பரிசு உண்டு என்பதற்குச் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி சான்று. டென்னிஸ் பந்தில் ஆடித் தொடங்கிய நடராஜன் 2015-இல் ரஞ்சிக்கு வந்தார். பந்தெறியும் முறை ஐயத்துக்குள்ளாக, அதைத் திருத்திக்கொண்டு மீண்டார். தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்களில் பலர் கண்ணில் பட்டார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் நகரில் அவரும் சென்னை வாஷிங்டன் சுந்தரும் ஒரே டெஸ்டில் அறிமுகமாகி, முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு மூன்று விக்கெட் வீழ்த்தினர். அவ்வாட்டத்தின் இறுதி நாளில் 89 ஓட்டங்களோடு நின்று வெற்றி தேடித் தந்தவர் ரிஷப் பந்த். தில்லி சானெட் சங்கத்தில் தாரக் சின்ஹா என்னும் ஆசான் வளர்த்த பிள்ளை. சேப்பாக்கத்து நாற்றும் தில்லி நாற்றும் ஒரு வயலில் கதிர் முற்றிய காட்சி அது.

கதிர் முற்றாதோர் கதையையும் மறைக்கலாகாது. தில்லிக்கும் அரியானாவுக்கும் ஆடிய ராஜிந்தர் கோயல் ரஞ்சியில் வீழ்த்திய விக்கெட்டுகள் 637. அவரை விஞ்சியவர் இல்லை. ஆயினும் ஒரு டெஸ்டிலும் ஆடவில்லை. பிஷன் சிங் பேடி இருந்த காலம் அது. மும்பையின் அமோல் மஜும்தார் முதல் ரஞ்சி ஆட்டத்திலேயே 260 ஓட்டங்கள் எடுத்தவர்; முதல்தர ஆட்டங்களில் 11,000-க்கும் மேற்பட்ட ஓட்டங்கள் குவித்தவர். இந்திய அணியின் கதவு அவருக்குத் திறக்கவேயில்லை. ஆனால் 2025 நவம்பரில் இந்திய மகளிர் அணி உலகக் கோப்பையை வென்றபோது, அவ்வணியின் பயிற்சியாளராக நின்றவர் அவரே. தாம் நுழையாத கதவைப் பிறருக்குத் திறந்துவிட்ட அவரைத் தோற்றவர் என்று எந்த நாக்கு சொல்லும்?

அன்பர்களே, 2025 ஜனவரி இறுதியில் கோலி ரஞ்சி ஆட கோட்லாவுக்கு வந்தார். அருண் ஜேட்லி அரங்கம் என இன்று வழங்கும் அத்திடலுக்குக் கூட்டம் அலையலையாகத் திரண்டது. 6 ஓட்டங்களில் ரயில்வே அணியின் ஹிமான்ஷு சங்வான் அவரை வீழ்த்தியதும் அக்கூட்டத்தில் பெரும்பகுதி கலைந்தது. ஆட்டம் மட்டும் தொடர்ந்தது. எஞ்சிய வீரர்கள் வெற்று இருக்கைகளின் முன் ஆடினார்கள். நாம் கலைந்து போகும் கூட்டமாக இராமல், இருந்து பார்க்கும் கூட்டமாக இருப்போம்.

அதற்கு நான் வேண்டுவன மூன்றே. முதலாவது, தமிழ்நாட்டு அணி, அது ரஞ்சி அணியோ சிறுவர் அணியோ, ஆண்கள் அணியோ பெண்கள் அணியோ, தில்லிக்கு ஆட வரும்போது நம் சங்கம் குடும்பம் குடும்பமாகச் சென்று காணட்டும். ஊரைவிட்டு வந்த பிள்ளைகளுக்கு எல்லைக்கோட்டுக்கு அப்பாலிருந்து "சபாஷ் தம்பி" என்று ஒரு குரல் கேட்டால் அது எவ்வளவு பெரிய துணை! இரண்டாவது, ஆடும் நம் பிள்ளைகளின் பாடநூல் அந்தப் பையிலிருந்து வெளியேறாமல் பார்த்துக்கொள்வோம். 418-க்குப் பதினொன்று என்ற கணக்கை மறவோம். மூன்றாவது, ஆட்டம் முடிந்து வீடு திரும்பும் பிள்ளையிடம் "எத்தனை அடித்தாய்?" என்று முதலில் கேளாமல், "இன்று என்ன கற்றாய்?" என்று கேட்போம்.

நாற்றங்காலில் நிற்கும் எல்லா நாற்றும் நெல்மணி சூடுவதில்லை. ஆயினும் ஒவ்வொரு நாற்றுக்கும் நீர் வார்ப்பது உழவன் கடன். அக்கடனை நாம் மகிழ்ச்சியோடு ஆற்றுவோம்.