ஐக்கியமும் ஒற்றையாட்சியும்



ஆங்கிலத்தில் 'யுனைற்றெட்' என்றொரு சொல்லும் 'யூனிற்றரி' என்றொரு சொல்லும் உண்டு. இரண்டும் 'ஒன்று' எனப் பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து கிளைத்தவை. ஆதலின் ஒன்றை மற்றொன்றாக மயங்குதல் எளிது. நம் நாட்டில் இம்மயக்கம் வகுப்பறையோடு நின்றுவிடுவதில்லை; அரசியலமைப்பு வரை செல்கின்றது.

முன்னையது ஐக்கியத்தையும், பின்னையது ஒற்றையாட்சியையும் குறிப்பன. கிருலப்பனையில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சகோதரர் மூவர் ஒரே கூரையின்கீழ்ப் பிரியாது வாழ்கின்றனர்; அது 'யுனைற்றெட்'. வீட்டுப் பெட்டகத்தின் திறப்பு மூத்தவரிடமே இருக்கின்றது, தம்பியர்க்கு அவர் கொடுத்த உரிமையை அவரே மீளப் பெறவும் முடியும், அது 'யூனிற்றரி'. முதற்சொல் சேர்ந்திருப்பதைச் சொல்லும். மற்றையது, திறப்பு யார் கையில் என்பதைச் சொல்லும்.

ஐக்கிய அமெரிக்கா சமஷ்டி நாடு. ஐக்கிய இராச்சியமோ ஒற்றையாட்சி நாடு. இரண்டின் பெயரிலும் 'யுனைற்றெட்' உண்டு. எனவே, ஐக்கியம் என்ற சொல் ஆட்சிமுறையைத் தீர்மானிப்பதில்லை என்பது தெளிவு.

சோல்பரி அரசியலமைப்பில் ஒற்றையாட்சிப் பிரகடனம் இருக்கவில்லை. 1972 ஆம் ஆண்டின் அரசியலமைப்பே இலங்கையை ஒற்றையாட்சி அரசென எழுதிவைத்தது. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பும் 2 ஆம் உறுப்புரையில் அதனைத் தொடர்ந்தது. 2017 இல், புதிய அரசியலமைப்பை ஆராய்ந்த குழுவின் இடைக்கால அறிக்கை, 'யூனிற்றரி' என்ற ஆங்கிலச் சொல் இலங்கைக்குப் பொருந்தாதெனக் கூறி, சிங்களத்தில் 'ஏக்கீய ராஜ்ய' என்றும் தமிழில் 'ஒருமித்த நாடு' என்றும் வழங்க முன்மொழிந்தது. சிங்களச் சொல்லோ ஒற்றையாட்சிக்கு ஏற்கெனவே வழங்கிவருவது. தமிழ்ச் சொல் சேர்ந்திருத்தலையே சுட்டுவது. ஓர் அறிக்கை இரு மொழிகளில் இரு பொருள் தருமாயின், ஐயங்கள் எழுவதில் வியப்பென்ன?

அதே ஆண்டில் உயர் நீதிமன்றம், ஐக்கிய இலங்கைக்குள் சமஷ்டி கோருவது பிரிவினை கோருவதாகாதெனத் தீர்ப்பளித்தது. அதாவது, திறப்பைப் பகிருமாறு கேட்பவர் வீட்டை இடிக்கக் கேட்பவர் அல்லர்.

ஒற்றையாட்சியே நன்று என்பாரும் உளர். சமஷ்டியே நன்று என்பாரும் உளர். எது சரியென்பது அவரவர் சிந்தித்துத் தேர வேண்டியது. ஆயின், ஒற்றையாட்சியை ஏற்காதவரை ஐக்கியத்தின் பகைவரெனக் கொள்வது சொல்லின் பொருளறியாமையால் விளைவது. வழக்கைத் தொடங்குமுன் சொல்லைத் துலக்குவோமாக.