குதிரைமாளிகையின் நவராத்திரி இசை

இசை விழா என்றவுடன் நம்மவருக்குச் சென்னையின் மார்கழிக் கச்சேரிகளும் திருவையாற்றுக் காவிரிக்கரையும் நினைவுக்கு வருவது இயல்பு. இவற்றுக்கு முன்பே தோன்றி, ஓர் அரண்மனையின் நிழலில் வளர்ந்து, அந்த அரசே மறைந்த பின்னரும் நின்று நிலவும் விழா ஒன்று உண்டு. திருவனந்தபுரம் கோட்டைக்குள், பத்மதீர்த்தக் குளத்தின் அருகே, குதிரைமாளிகை வளாகத்தையொட்டி அமைந்த நவராத்திரி மண்டபத்தில் ஆண்டுதோறும் ஒன்பது மாலைகள் நடைபெறும் இசை வழிபாடே அது. அவ்விழா வளர்ந்த வரலாற்றை இன்று சிறிது நோக்குவோம்.

இவ்விழாவின் வேர் இன்றைய தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள பத்மநாபபுரம் ஒரு காலத்தில் திருவிதாங்கூரின் தலைநகராக விளங்கியது. அங்குள்ள மரவேலை அரண்மனையின் ஒரு பகுதியே பழைய நவராத்திரி மண்டபம். அருகிலிருக்கும் சரசுவதி ஆலயத்தின் திருமேனி, கவிச்சக்கரவர்த்தி கம்பர் வழிபட்டுச் சேர மன்னரிடம் ஒப்புவித்தது என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. அக்கலைமகளின் முன்னிலையில் ஒன்பது நாளும் பாட்டும் பூசையும் நிகழ்ந்து வந்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியது. தலைநகரைப் பின்தொடர்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில், சுவாதித் திருநாள் மகாராஜாவின் காலத்தில் நவராத்திரி விழாவும் அங்கே குடியேறியது என்பர்.

விழா இடம்பெயர்ந்ததே அன்றித் தெய்வத்தின் இருப்பிடம் மாறவில்லை. ஆண்டுதோறும் பத்மநாபபுரத்திலிருந்து சரசுவதி தேவி யானை மீதும், வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் தத்தம் வாகனங்களிலும் புறப்பட்டு, குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் தங்கித் திருவனந்தபுரம் வந்து சேர்வர். பத்மநாபபுரம் அரண்மனையில் உடைவாள் கைமாறும் சடங்குடன் இவ்வூர்வலம் தொடங்குகிறது. 1956 நவம்பர் முதல் நாளில் மாநில எல்லைகள் மாற்றி அமைக்கப்பட்டபோது, பத்மநாபபுரம் இருந்த நிலம் தமிழகத்தைச் சேர்ந்தது. அரண்மனையின் பராமரிப்பு மட்டும் கேரளத்தின் பொறுப்பில் நின்றது. அன்றிலிருந்து களியக்காவிளையில் ஒரு மாநிலம் வழியனுப்ப, மற்றொரு மாநிலம் எதிர்கொண்டழைக்கிறது. கோடு புதிது, நடை பழையது.

எல்லைக்கோட்டின் அருமையும் அல்லலும் நல்லேப்பிள்ளியில் பிறந்த நமக்குப் புதியன அல்ல. சித்தூர்த் தாலுகாவைச் சேர்ந்த நம் ஊர் கொச்சி அரசில் இருந்தது. சிறிது தொலைவிலுள்ள பாலக்காடோ சென்னை மாகாணத்தின் மலபார்ப் பகுதி. 1956-க்குப் பின் இரண்டும் ஒரே மாநிலமாயின. வீட்டிலே தமிழ், பள்ளியிலே மலையாளம், பாட்டிலே சமஸ்கிருதமும் தெலுங்கும் என்று வாழ்ந்த குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் பல. அத்தகைய இல்லங்களுக்குச் சுவாதித் திருநாள் அயலார் அல்லர்.

1813-இல் தோன்றி 1846-இல் மறைந்த அம்மன்னர் வாழ்ந்தது முப்பத்து மூன்று ஆண்டுகளே. 1829 முதல் நேரே ஆட்சி செலுத்தினார். சமஸ்கிருதம், மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்துஸ்தானி ஆகிய மொழிகளில் நூற்றுக்கணக்கான உருப்படிகள் அவர் பெயரால் வழங்குகின்றன. கீர்த்தனமும் பதமும் வர்ணமும் மட்டுமின்றித் துருபதம், கியால், டப்பா ஆகிய வடநாட்டு வகைகளும் அவற்றுள் உண்டு. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு அவருடைய அவையில் இருந்தார். தந்தத்தாலான வயலின் ஒன்றை மன்னரிடம் பரிசாகப் பெற்றார். பாலக்காட்டு நூறணியைச் சேர்ந்த பரமேசுவர பாகவதரும் அந்த அவையை அணிசெய்தவரே. பாலக்காட்டுக் கணவாயின் காற்று அந்நாளிலேயே திருவனந்தபுரத்து அரண்மனையில் வீசியது என்று நாம் பெருமை கொள்வதில் தவறில்லை.

அம்மன்னர் எழுப்பிய மாளிகையே குதிரைமாளிகை. தேக்கும் ஈட்டியும் கொண்டு கட்டப்பட்ட அதன் கூரையைத் தாங்குவனபோல 122 மரக்குதிரைகள் செதுக்கப்பட்டுள்ளன, பெயர்க்காரணம் அதுவே. ஆயினும் கட்டியவர் அதில் நெடுநாள் வாழ்ந்து மகிழக் கொடுத்து வைக்கவில்லை. ஆங்கிலேய ரெசிடெண்டாக வந்த ஜெனரல் கல்லனின் தலையீடுகளால் அவருடைய இறுதி ஆண்டுகள் மனக்கசப்பில் கழிந்தன. அவருக்குப்பின் அம்மாளிகை நெடுங்காலம் பூட்டிக்கிடந்தது. பிற்காலத்தில்தான் ஒரு பகுதி அருங்காட்சியகமாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. மாளிகை உறங்கிய காலத்திலும் அதன் அருகிலிருந்த மண்டபம் உறங்கவில்லை. அதை விழித்திருக்கச் செய்தவை ஒன்பது பாடல்கள்.

நவராத்திரிக்கென மன்னர் இயற்றிய அவ்வொன்பது கீர்த்தனங்களும் நாளுக்கொன்றாக அமைந்தவை. முதல்நாள் சங்கராபரணம், தொடர்ந்து கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தசாவேரி, நாட்டைக்குறிஞ்சி, ஒன்பதாம் நாள் ஆரபி. இந்த வரிசை மாறுவதில்லை. எவ்வளவு பெரிய வித்துவானாயினும் அன்றைய நாளுக்குரிய ராகத்தையே விரித்துப் பாடவேண்டும். முல்லைமூட்டுப் பாகவதர்கள் எனப்படும் பரம்பரைப் பாடகர் தோடயமங்களம் பாடித் தொடங்கிவைக்க, அதன்பின் கச்சேரி நடைபெறும். தானம் பாடும்போது மிருதங்கமும் உடன் ஒலிப்பது இம்மண்டபத்தின் தனி வழக்கம். எண்ணெய் விளக்கொளி, மேலாடையின்றி வேட்டியுடன் அமர்ந்திருக்கும் ஆடவர், ஒலி நயத்துக்காகக் கூரையில் கவிழ்த்துக் கட்டப்பட்ட மண்பானைகள். எவ்வளவு உயர்ந்த பாட்டுக்கும் அங்கே கைதட்டல் இல்லை. கேட்பவள் கலைமகள், ஏனையோர் உடனிருப்போர் என்பதே கருத்து.

1949-இல் திருவிதாங்கூர் கொச்சியோடு இணைந்தது. 1971-இல் மன்னர் மானியங்களும் ஒழிந்தன. அரசன் இல்லாத நாட்டில் அரண்மனை விழா எவ்வாறு பிழைத்தது? மூன்று துணைகளைக் கூறலாம். முதலாவது, அரச குடும்பத்தாரின் அறக்கட்டளை விழாவைத் தொடர்ந்து ஏற்று நடத்தியது. இரண்டாவது, கல்வி. 1939-இல் திருவனந்தபுரத்தில் இசைக் கழகம் ஒன்று தொடங்கப்பெற்று, அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அதன் முதல்வரானார். அவரும் அவருக்குப்பின் வந்த செம்மங்குடி சீனிவாச ஐயரும் மன்னரின் உருப்படிகளைத் தேடித் தொகுத்துப் பாடாந்தரமாக்கினர். மெட்டு மறைந்துபோன பாடல்கள் பலவற்றுக்குப் புதிதாக இசையமைக்கவும் நேர்ந்தது. இதனால் எது பழைமை, எது புதுமை என்னும் வாதம் பின்னாளில் எழுந்தது, வீணை எஸ். பாலசந்தர் அதனை மிகக் கடுமையாகவே எழுப்பினார். மூன்றாவது துணை வானொலி. 1943-இல் தோன்றி 1950-இல் அகில இந்திய வானொலியின் குடும்பத்தில் சேர்ந்த திருவனந்தபுரம் நிலையம், மண்டபத்துப் பாட்டைக் கோட்டைச் சுவருக்கு வெளியே கொண்டுசென்றது.

அவ்வாறு வெளியே வந்த பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களில் நாமும் ஒருவர். 1980-களில், நல்லேப்பிள்ளியில் எங்கள் பாட்டியார் நவராத்திரி மாலைகளில் கொலுவுக்கு விளக்கேற்றிவிட்டு வானொலிப் பெட்டியின் அருகே அமர்வார். ஒன்பது கீர்த்தனங்களும் அவருக்கு மனப்பாடம். கையில் சுண்டல் பாத்திரம் இருக்கும்; வாய் ஒலிபெருக்கியோடு ஒட்டி மெல்லப் பாடும். ஒன்பதாம் நாளின் ஆரபி வந்துவிட்டால் பாத்திரத்தைக் கீழே வைத்துவிடுவார்.

சிறுவயதுக்குரிய துடுக்குடன் ஒருமுறை, "பாட்டி, இவ்வளவு நன்னாப் பாடறேளே, அங்கே போய்ப் பாடினால் என்ன?" என்று கேட்டோம்.

"பொம்மனாட்டிகள் அந்த மண்டபத்துல பாடற வழக்கமில்லைடா," என்றார்.

"ஏன்? அம்பாள் பொம்மனாட்டிதானே?"

பாட்டியார் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, "அம்பாளுக்கு அடுக்களைப் பாட்டும் கேக்கும். போய்ப் படி," என்று சொல்லிச் சுண்டல் பாத்திரத்தை எடுத்துக்கொண்டார்.

அந்த விடையில் பக்தி இருந்தது. பக்தியைவிட ஆழமாக வேறொன்றும் இருந்தது. அது என்னவென்று அன்று நமக்கு விளங்கவில்லை. கலைமகளைப் பாடும் விழா; ஒன்பது இரவும் தேவியின் புகழ்; அவ்விழாவின் மேடையில் பெண்குரல் மட்டும் இல்லை. இதில் உள்ள முரண்பாட்டைச் சுட்டிக்காட்டச் சிறுவனே போதும். அதைத் தீர்க்க ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் தேவைப்பட்டது.

இது அம்மண்டபத்துக்கு மட்டும் உரிய குறை என்று நினைப்பது நேர்மையாகாது. திருவையாற்றிலும் தியாகராசர் ஆராதனையில் பெண்டிர் பாட முன்பு இடமில்லை. அங்கே சமாதிக் கோயிலைத் தம் பொருளால் எழுப்பி 1925-இல் குடமுழுக்குச் செய்வித்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். பெண்கள் பாடுவதற்கான வழியைத் திறந்தவரும் அவரே. 1940-களின் தொடக்கத்தில் தனித்தனியே நடந்த விழாக்கள் ஒன்றாயின. கோயிலைக் கட்டிக் கொடுத்தவருக்கே வாயிலில் போராட வேண்டியிருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

கடல் கடந்து நோக்கினால் வேறொரு காட்சி தெரிகிறது. பின்லாந்து நாட்டில், ஏரி நடுவே 1475-இல் கட்டத் தொடங்கிய ஓலவின்லின்னா என்னும் கற்கோட்டை இருக்கிறது. 1912-இல் அக்கோட்டையின் முற்றத்தில் ஓப்பரா எனப்படும் இசைநாடக விழாவைத் தொடங்கிவைத்தவர் ஆய்னோ ஆக்தே என்னும் பாடகியார். அந்நாடு அப்பொழுது ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. தம் மக்களுக்குரிய கலைக்கு ஒரு கோட்டையைத் தேடியெடுத்தார் அவர். போர் முதலிய இடர்களால் தடைப்பட்டு, 1967-இல் மீண்டும் தளிர்த்த அவ்விழா உலகப் புகழ் பெற்றுவிட்டது. அங்கே ஒரு பெண்குரல் கோட்டைக்குள் விழாவை அழைத்துவந்தது. இங்கே விழா முன்னதாக வந்தது. பெண்குரல் வாயிலில் காத்திருந்தது.

அக்காத்திருப்பு 2006-இல் முடிவுற்றது. அரச குடும்பத்தைச் சேர்ந்தவரும் இசைக்கலைஞருமான ராம வர்மாவின் முயற்சியால், பாறசாலை பொன்னம்மாள் நவராத்திரி மண்டபத்தில் அமர்ந்து பாடினார். திருவனந்தபுரம் இசைக் கழகத்தின் முதல் மாணவி அவர். அங்கேயே ஆசிரியையாகப் பணிபுரிந்தவர். திருப்பூணித்துறை இசைக் கல்லூரிக்கு முதல் பெண் முதல்வராகவும் விளங்கியவர். அம்மேடையில் அமர்ந்தபோது அவருக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. மன்னரின் உருப்படிகளை வாழ்நாள் முழுதும் கற்பித்தவர், அவை பிறந்த இடத்தில் அவற்றைப் பாட அந்த வயது வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 2017-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. 2021-இல் அவர் இறைவனடி சேர்ந்தார். அவருக்குப்பின் பெண்டிர் அம்மண்டபத்தில் பாடுவது புதுமையாகக் கருதப்படாத நிலை வந்துவிட்டது.

விழாவின் கிளைகளும் பெருகின. குதிரைமாளிகையின் முன்றிலிலேயே ஜனவரி மாதத்தில் சுவாதி சங்கீத உற்சவம் நடைபெறுகிறது. மன்னரின் உருப்படிகளுக்கென்றே அமைந்த அவ்விழாவில் கர்நாடக இசைவாணரும் இந்துஸ்தானி இசைவாணரும் பாடுகின்றனர். கட்டணம் இல்லை, விரும்பியவர் வந்து கேட்கலாம். மண்டபத்தின் உள்ளே காத்துப் போற்றப்பட்டது, மாளிகையின் முற்றத்தில் எல்லோருக்கும் பொதுவாயிற்று.

ஒரு விழா வளர்ந்தது என்று எப்பொழுது கூறலாம்? கூட்டம் பெருகினால் வளர்ச்சி என்பர் சிலர். நாட்கள் கூடினால் வளர்ச்சி என்பர் வேறு சிலர். நவராத்திரி மண்டபத்தில் நாட்கள் ஒன்பதே, பாடல்கள் ஒன்பதே, ராகங்களின் வரிசையும் பழைய வரிசையே. கைதட்டலும் இன்னும் இல்லை. மாறியது ஒன்றுதான்: யார் பாடலாம் என்பது. அம்மாற்றத்தால் மரபு குலையும் என்று அஞ்சினவர் இருந்தனர். பாட்டின் ஒரு சுரமும் அதனால் பிசகவில்லை என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டிவிட்டன. மரபின் உயிர் எது, மேலே படிந்த வழக்கம் எது என்று பிரித்தறிவதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

2006-ஆம் ஆண்டுச் செய்தியைக் கேட்க எங்கள் பாட்டியார் உயிரோடு இல்லை. அவ்வாண்டு நவராத்திரியில் நாம் நல்லேப்பிள்ளியில் இருந்தோம். கொலு வைத்த கூடத்தில், அவர் அமரும் இடத்தில், பழைய பலகை ஒன்று சுவரோரம் சாய்ந்திருந்தது. ஒன்பதாம் நாள் மாலை வீட்டுப் பெண்கள் ஆரபி பாடினர். அடுக்களையிலிருந்து அல்ல, கூடத்தின் நடுவே அமர்ந்து, குரலெடுத்துப் பாடினர். தெருவில் சென்றவர் சிலர் நின்று கேட்டனர். பாடி முடிந்ததும் எவரும் கைதட்டவில்லை.