கண்ணாடிப் படமும் சுவர்ப் பெயர்களும்

(தாராவி மாலை நேர வாசிப்பு வகுப்பில் ஆற்றிய உரை)



வருகிற ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நாம் கொலாபாவுக்குப் போகிறோம். அங்கே ஒரு பழைய சர்ச் இருக்கிறது. அதன் பெயர் பரிசுத்த யோவான் தேவாலயம். ஆனால் மும்பையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'ஆப்கன் சர்ச்' என்றால்தான் தெரியும்.

"நமக்கு எதற்குச் சர்ச்? நாம் என்ன கும்பிடவா போகிறோம்?" என்று போன வாரம் சிலர் கேட்டார்கள். நல்ல கேள்விதான். கும்பிட விரும்புகிறவர்கள் கும்பிடலாம். நாம் போவது படிப்பதற்கு. அங்கே படிக்க இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று எழுத்தே தெரியாதவரும் படிக்கக் கூடியது. மற்றொன்று எழுத்து தெரிந்தால்தான் படிக்க முடியும்.

முதலில் சர்ச்சின் கதையைச் சொல்கிறேன். 1838 முதல் 1842 வரை ஆங்கிலேயர்கள் ஆப்கானிஸ்தானில் ஒரு போர் நடத்தினார்கள். அந்தப் போரிலும் சிந்து நாட்டுப் போரிலும் இறந்தவர்களின் நினைவாக இந்தச் சர்ச்சைக் கட்டினார்கள். 1847-இல் அடிக்கல் நாட்டினார்கள். 1858-இல் ஆராதனைக்குத் திறந்தார்கள். கோபுரம் 1865-இல்தான் முடிந்தது. அதன் உயரம் ஏறக்குறைய 198 அடி. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அந்தக் கோபுரம் தூரத்திலேயே தெரியுமாம்.

உள்ளே போனதும் மரப் பெஞ்சுகளைப் பாருங்கள். அவற்றில் துப்பாக்கி சாத்தி வைக்கப் பள்ளம் வெட்டியிருக்கிறது. 1857-இல் சிப்பாய்கள் கிளர்ந்து எழுந்தார்கள் அல்லவா? அதற்குப் பிறகு வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஜெபத்துக்கு வரும்போதும் துப்பாக்கியோடுதான் வந்தார்கள். சாமி கும்பிடும் இடத்திலும் அவ்வளவு பயம்!

இனிக் கண்ணாடிக்கு வருவோம். சர்ச்சின் கிழக்கிலும் மேற்கிலும் பெரிய வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் இருக்கின்றன. வடக்கு இங்கிலாந்தில் உள்ள நியூகாசில் நகரத்துக் கலைஞர் வில்லியம் வெய்ல்ஸ் அவற்றைச் செய்தார். அவை கடல் கடந்து இங்கே வந்தன.

வெளியே நின்று பார்த்தால் ஏமாந்து போவீர்கள். கறுப்பாக, அழுக்குப் பிடித்தது போல் இருக்கும். உள்ளே போய் வெயிலுக்கு எதிரே நின்று பார்க்க வேண்டும். அப்போதுதான் நீலமும் சிவப்பும் பச்சையும் எரியும்.

அந்த நிறம் எப்படி வருகிறது? கண்ணாடிக்கு மேலே பெயின்ட் அடித்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மணலையும் சாம்பல் உப்பையும் உலையில் உருக்கும்போதே உலோகப் பொடியைச் சேர்த்துவிடுவார்கள். கோபால்ட் சேர்த்தால் நீலம் வரும். செம்பு சேர்த்தால் பச்சை வரும். அதே செம்பை வேறு விதமாகச் சூடாக்கினால் சிவப்பு வரும். மாங்கனீசு சேர்த்தால் ஊதா வரும். நிறம் கண்ணாடியின் உடம்புக்குள்ளேயே இருப்பதால் மழையில் கரையாது. நூறு ஆண்டு வெயிலுக்கும் வெளுக்காது.

பிறகு முழு அளவுக் காகிதத்தில் படம் வரைவார்கள். அதன்படி கண்ணாடியைத் துண்டு துண்டாக வெட்டுவார்கள். முகம், கண், துணி மடிப்பு ஆகியவற்றை மட்டும் கறுப்பு மையால் எழுதுவார்கள். அந்த மையிலும் கண்ணாடித் தூள் கலந்திருக்கும். எழுதிய துண்டுகளை மறுபடியும் சூளையில் வைத்துச் சுடுவார்கள். அப்போது மை கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். கும்பார்வாடாவில் பானைச் சூளை பார்த்தவர்களுக்கு இதை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. கடைசியில் ஈயப் பட்டைகளை வளைத்து, ஒவ்வொரு துண்டையும் அதில் செருகி, மூட்டுகளைப் பற்றவைப்பார்கள். படத்தில் கறுப்புக் கோடாகத் தெரிவது அந்த ஈயம்தான்.

ஐரோப்பாவில் இந்தக் கலை எண்ணூறு, ஒன்பது நூறு ஆண்டுகளுக்கு முன்பே செழித்தது. அப்போது அங்கே பெரும்பாலான மக்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உழுகிறவனும் துணி நெய்கிறவளும் சன்னலைப் பார்த்து வேதக் கதையைத் தெரிந்துகொண்டார்கள். நம் ஊர்க் கோயில் கோபுரத்துச் சுதைச் சிற்பங்களைப் பார்த்து நம் பாட்டிமார் இராமாயணம் சொன்னது போலத்தான்.

இது முதல் படிப்பு. இரண்டாவது படிப்பு சுவரில் இருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

பலிபீடம் உள்ள பகுதியின் சுவரில், போரில் இறந்த அதிகாரிகளின் பெயர்களை எழுதியிருக்கிறார்கள். அவர்களோடு இறந்த சாதாரணச் சிப்பாய்களின் பெயர்கள் அங்கே இல்லை. ஏன் இல்லை என்ற காரணத்தையும் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் மிகப் பலர், அதனால் எழுத இயலவில்லை என்பதே அதன் கருத்து. வாளால் மட்டும் அல்ல, நோயாலும் பலர் இறந்தார்கள் என்றும் அதில் வருகிறது.

அதிகாரிகளும் வீட்டைவிட்டு வந்து இறந்தவர்கள்தான். அவர்கள் பெயர் இருக்கட்டும். ஆனால் 'மிகப் பலர்' என்பது ஒரு காரணமா? புதுதில்லியில் 1931-இல் திறந்த இந்தியா கேட்டில் 13,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் வியட்நாம் போர் நினைவுச் சுவரில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. எழுத மனம் இருந்தால் கல்லுக்கா பஞ்சம்?

இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது. 1842 சனவரியில் ஆங்கிலேயப் படை காபூலைவிட்டுப் பின்வாங்கியது. கடுமையான பனிக்காலம். படை வீரர்கள் ஏறக்குறைய 4,500 பேர். அவர்களோடு நடந்த வேலைக்காரர்களும் குடும்பத்தாரும் ஏறக்குறைய 12,000 பேர். சமையல்காரர், தண்ணீர் சுமப்பவர், புல் அறுப்பவர், பல்லக்குத் தூக்கி, பெண்கள், பிள்ளைகள் என்று எத்தனையோ பேர். பெரும்பாலோர் இந்தியர்கள். குளிராலும் தாக்குதலாலும் வழியிலேயே ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். நான் சொன்ன அந்தச் சுவர் வாசகத்தில் அதிகாரியும் உண்டு, சிப்பாயும் உண்டு. தண்ணீர் சுமந்தவரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

பெயர் பட்டியலில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தாராவிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல், வீட்டுக் கணக்கெடுப்பு என்று எத்தனை வரிசையில் நின்றிருக்கிறோம்! "என் பேரு சரியா இருக்கான்னு இப்ப நானே பாத்துக்கிறேன் சார்" என்று நம் வகுப்பில் ஓர் அக்கா சொன்னாரே, நினைவு இருக்கிறதா?

சுவரில் இருப்பவை எல்லாம் ஆங்கில எழுத்துகள். பயப்பட வேண்டாம். ஆண்டு எண்களை நீங்களே படித்துவிடுவீர்கள். ஆங்கில எழுத்து பழகியவர்கள் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் பெயரைச் சொல்லுங்கள். மற்றதை நான் தமிழில் சொல்கிறேன். நோட்டும் பென்சிலும் கொண்டு வாருங்கள். உங்களுக்குப் பிடித்த சன்னல் துண்டு ஒன்றை வரைந்துகொள்ளுங்கள். எந்த நிறத்துக்கு எந்த உலோகம் என்று பக்கத்தில் எழுதுங்கள். செவ்வாய்க்கிழமை வகுப்பில் அதை வாசிப்போம்.

அது இன்றும் ஆராதனை நடக்கும் இடம். உள்ளே மெதுவாகப் பேசுங்கள். கண்ணாடியைத் தொடாதீர்கள். பார்க்க வருவதற்கு முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கிவிட்டோம்.

சயானில் ரயில் ஏறி வி.டி.யில் இறங்குவோம். அங்கிருந்து கொலாபா பக்கம் போகும் பஸ். இரண்டு மணிக்கு டிக்கெட் கௌன்டர் அருகே நிற்பேன். தாமதிக்காதீர்கள். நாலு மணிக்கு மேல் மேற்குச் சன்னலில் வெயில் இறங்கும், அதற்குள் போய்ச் சேர வேண்டும்.