பழைய காரின் இரைச்சல்

பள்ளி மணியை அடித்தவுடன் கையால் பற்றினால் ஓசை சட்டென அடங்குவதைக் கண்டிருப்பீர்கள். காரின் தகடும் அத்தகைய மணியே.

மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் உருவாகி, 2014ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் வண்டிகளுள் 1964ஆம் ஆண்டுக்குரிய ஒன்று என்னிடம் உள்ளது. என் துணைவியாருக்குச் செவிப்புலன் சற்றுக் குறைவு. வண்டி ஓடுங்கால் நான் எதைக் கூறினும் தலையசைப்பார். கேட்டதா என்பது தெரியாது. இரைச்சலை அடக்க முற்பட்டதன் காரணம் அதுவே.

மெல்லிய அலுமினியத் தாள் பொதிந்த பியூட்டைல் ரப்பர் விரிப்பு கடைகளில் கிடைக்கிறது. தகட்டில் அதனை அழுத்தி ஒட்டினால், அதிர்வை உள்வாங்கிச் சிறிதளவு வெப்பமாக மாற்றிவிடும். மணியை அடக்க அதனை முழுதும் மூடவேண்டுவதில்லை அன்றோ? தகட்டின் நடுவே கால் பங்குப் பரப்பில் ஒட்டினாலே பெரும்பயன் உண்டு. எல்லா இடத்தும் ஒட்டச் சொல்லும் வணிகர் பேச்சை நான் ஏற்பதில்லை. வண்டியின் எடைதான் ஏறும்.

ஒட்டுமுன் துருவைப் பாருங்கள். துருவின்மேல் ஒட்டுதல், புண்ணைக் கழுவாமல் கட்டுப்போடுவதை ஒக்கும். என் வண்டியில் ஓட்டுநர் காலடித் தகடு அரித்திருந்தது. டிங்கர் வேலைக்கே நான்கு நாட்கள் சென்றன. கதவடியில் நீர் வடியும் துளைகளை ஒருபோதும் மூடலாகாது.

காற்றின் வழி நுழையும் என்ஜின் ஓசையை இவ்விரிப்பு அதிகம் தடுக்காது. அதன்பொருட்டு, கம்பிகள் புகும் துளைகளை ரப்பரால் அடைத்தேன். கதவோர ரப்பரையும் மாற்றினேன். இப்பொழுது துணைவியார் மறுமொழி கூறுகிறார், பெரும்பாலும் மறுப்பே!

கியர்ப்பெட்டியின் முனகல் எஞ்சியுள்ளது. அதன்மேல் தடித்த கம்பளம் விரித்துள்ளேன். மழை பெய்தால் அதனை எடுத்து உலர்த்திவிடுகிறேன். ஈரம் தங்கினால் அடித்தகடு மீண்டும் அரிக்கத் தொடங்கும்.