பந்து வரும் முன்னே பார்க்கும் கண்



"பந்து உதைத்தால் சோறு கிடைக்குமா?" தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லும் எங்களைப் போன்றோரிடம் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால் ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூற இயலாது. ஆகவே, காற்பந்தையே பிழைப்பாகக் கொண்ட ஒரு தமிழரின் வாழ்க்கையை இன்று எடுத்துக்கொள்வோம். அவர் சிங்கப்பூரின் வி. சுந்தரமூர்த்தி.

சிங்கப்பூருக்குப் போகும் நம்மவர்கள் சைனாடவுனில் இறங்கினால் முதலில் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மனைக் கும்பிடுவார்கள். 1827ஆம் ஆண்டில் எழுந்த கோயில் அது. சீனக் கடைகளுக்கு நடுவே நம் கோபுரம் நிற்கும். அங்கிருந்து சிராங்கூன் சாலைக்கு வந்து, பூவும் புடவையும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவது வழக்கம். அந்தச் சிராங்கூன் சாலையிலிருந்து சற்றுத் தூரம் நடந்தால் ஜாலான் புசார் விளையாட்டரங்கம் வரும். 1929இல் திறக்கப்பட்டது. சிங்கப்பூர்க் காற்பந்தின் தாய்வீடு என்று இதைச் சொல்லலாம். 1973இல் காலாங்கில் தேசிய விளையாட்டரங்கம் எழும்வரை பெரிய ஆட்டங்கள் இங்கேதான் நடந்தன. புடவைக் கடையோடு திரும்பிவிடாமல், பிள்ளைகளை அழைத்துப்போய் அந்தத் திடலையும் காட்டுங்கள்.

சுந்தரமூர்த்தி பிறந்தது 1965ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள். சிங்கப்பூர் தனி நாடாகி இரண்டு மாதங்கூட ஆகவில்லை. 1983இல், பதினேழு வயதில், அவர் நாட்டுக் குழுவில் ஆடத் தொடங்கினார். நம் பிள்ளைகள் ஐந்தாம் படிவத்தில் அமர்ந்திருக்கும் வயது அது. இரசிகர்கள் அவருக்கு "டேஸ்லர்" என்று பட்டம் சூட்டினார்கள். கண்ணைக் கூச வைப்பவர் என்று பொருள். பந்து அவர் காலில் பட்டதும் எதிரில் நிற்பவர் எந்தப் பக்கம் சாய்வது என்று அறியாமல் தடுமாறுவார்.

இந்தத் திறமை காலில் மட்டுமா இருக்கிறது? இல்லை. கொஞ்சம் கணக்குப் பாருங்கள். ஆட்டம் 90 நிமிடம். திடலிலோ இருபுறமும் சேர்த்து 22 பேர். பந்து ஒருவருடைய காலில் இருப்பது எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று நிமிடங்கள்தாம். மீதி நேரமெல்லாம் அவர் என்ன செய்கிறார்? பார்க்கிறார். நடுத்திடலில் ஆட்டத்தை வகுப்பவர், பந்து வருவதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் திரும்பி, யார் எங்கே நிற்கிறார், எங்கே இடம் காலியாக இருக்கிறது என்று மனத்தில் குறித்துக்கொள்வார். பந்து வந்தபின் யோசிப்பவருக்கு நேரம் கிடையாது.

இதைத் தோட்டத் திடலிலேயே பழகலாம். ஒரு பிள்ளையை நடுவில் நிறுத்துங்கள். எதிரே ஒருவன் பந்தைத் தட்டிவிடட்டும். அதே கணத்தில் பின்னால் நிற்பவன் சில விரல்களை உயர்த்திக் காட்டட்டும். பந்து காலுக்கு வந்து சேருமுன் நடுவில் இருப்பவன் திரும்பிப் பார்த்து, எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். முதல் நாள் பந்தைத் தவறவிடுவான். பத்து நாளில் பழகிவிடும். இதற்குக் காலணிகூட வேண்டாம்!

சுந்தரமூர்த்தியின் கதைக்கு வருவோம். ஃபண்டி அகமது 1983இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் குழுவுக்குச் சென்று, சிங்கப்பூரர்கள் ஐரோப்பாவிலும் ஆட முடியும் என்று காட்டியிருந்தார். சுந்தரமூர்த்திக்கு 1989இல் சுவிட்சர்லாந்தின் பாசல் குழுவில் ஆடும் வாய்ப்பு வந்தது. அப்போது வயது 23. வெயிலிலும் மழையிலும் வளர்ந்த பிள்ளை. போன இடமோ பனியும் குளிரும், ஜெர்மன் பேச்சும். பாசல் அந்நாட்களில் இரண்டாம் நிலைப் பிரிவில்தான் இருந்தது. நீண்ட காலம் அங்கே அவர் தங்கவில்லை. இதைத் தோல்வி என்று சிலர் சொல்லலாம். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். இங்கிருந்து அங்கே அழைக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்?

மலேசியாவில் கெடா குழுவுக்கும் அவர் ஆடினார். பிறகு 1993இல் சிங்கப்பூருக்காக மலேசியக் கிண்ணப் போட்டியில் புருணைக்கு எதிராக ஒரு கோல் போட்டார். முதுகு தரையைப் பார்க்க, உடல் அந்தரத்தில் கிடக்க, தலைக்கு மேலாகக் காலை வீசி உதைத்த கோல். காலாங் அரங்கில் அதைப் பார்த்தவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்த ஆண்டு இறுதியாட்டத்தில் சிங்கப்பூர், கெடாவிடம் 2-0 எனத் தோற்றது.

இனிப் பெற்றோர் கவனிக்க வேண்டிய பகுதி. 1994ஆம் ஆண்டுக்குப் பின் சிங்கப்பூர் மலேசியப் போட்டிகளிலிருந்து விலகியது. நுழைவுச்சீட்டு வருவாயைப் பங்கிடுவதில் எழுந்த பிணக்கு. மேசையில் அமர்ந்தவர்கள் முடிவு செய்கிறார்கள். திடலில் ஆடுபவனின் பிழைப்பு மாறிவிடுகிறது. தோட்டத்தை விற்பதும் மூடுவதும் எங்கோ முடிவாகி, நமக்குக் கடைசியில் தெரியவருவதைப் போலத்தான். 1996இல் எட்டுக் குழுக்களோடு சிங்கப்பூர் தனக்கென ஒரு லீக் தொடங்கியபோது சுந்தரமூர்த்திக்கு வயது 30. பால் மரம் சீவுபவர் ஐம்பதிலும் கத்தி பிடிப்பார். காற்பந்து ஆடுபவருக்கோ முப்பதைத் தாண்டினாலே முழங்கால் பேசத் தொடங்கிவிடும். முழங்கால் தசைநார் அறுந்துவிட்டால், சிகிச்சை பெற்று மீண்டும் திடலில் இறங்கப் பெரும்பாலும் ஒன்பது மாதமாவது ஆகும்.

அவர் உட்லண்ட்ஸ் வெலிங்டன் குழுவிலும், பின்னர் ஜூரோங் குழுவிலும் ஆடினார். ஜூரோங்கில் ஆடிக்கொண்டே பயிற்றுநராகவும் இருந்தார். இதுதான் நமக்கு முக்கியம். கால் ஓயும் முன்பே அடுத்த வேலையைக் கற்றுக்கொண்டார். பயிற்றுநராக வேண்டுமானால் சான்றிதழ் வேண்டும். அதற்கு வகுப்பில் உட்கார வேண்டும், படிக்க வேண்டும், எழுத வேண்டும். பந்துக்காகப் பள்ளியை விட்ட பிள்ளை அங்கே திணறிப்போவான்.

2013இல் அவர் பயிற்றுநராக இருந்த லயன்ஸ் டுவெல்வ் என்னும் இளைஞர் குழு மலேசிய சூப்பர் லீக்கை வென்றது. வெற்றியை உறுதிசெய்த ஆட்டம் ஜாலான் புசாரில் நடந்தது; ஃபெல்டா யுனைடெட் குழுவை 4-0 எனத் தோற்கடித்தார்கள். அப்போது அவருக்கு 47 வயது. 2016இல் நாட்டுக் குழுவையே அவரிடம் ஒப்படைத்தார்கள். அங்கே காலம் கைகொடுக்கவில்லை. 2017 முழுவதும் ஒரு வெற்றிகூட இல்லை. 2018 மார்ச்சில் மாலத்தீவை 3-2 என வென்றார்கள். ஏப்ரலில் அவர் பொறுப்பிலிருந்து விலகினார்.

பதினேழு வயதில் தொடங்கி ஐம்பத்திரண்டு வரை, முப்பத்தைந்து ஆண்டுகள். அதில் காலால் உழைத்தது ஏறத்தாழ பாதி. மீதி, கற்றதைக் கொண்டு உழைத்தது. உங்கள் பிள்ளை திடலுக்குப் போகட்டுமா என்று கேட்கும் தாய்மார்களுக்கு நாங்கள் சொல்வது, மாலையில் அனுப்புங்கள், காலையில் எங்களிடம் அனுப்பத் தவறாதீர்கள் என்பதே.