மலைப்பாதையில் தானியங்கி கியர் வண்டி

(கொல்லிமலை உழவர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மிளகு வாடலைப் பற்றியோ, காப்பிக் காய்த்துளைப்பானைப் பற்றியோ பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். இன்று நான் பேச வந்தது உங்கள் வாசலில் நிற்கும் வண்டியைப் பற்றி. காரவள்ளியிலிருந்து மேலே வர 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மிளகு மூட்டையோ, அன்னாசியோ, பலாவோ, அவசரத்தில் நோயாளியோ, எல்லாம் மலைப்பாதையில்தான் இறங்க வேண்டும். ஆகவே வண்டி ஏறுவதை விட, பத்திரமாக இறங்குவது முக்கியம்.

இப்போது சிலர் தானியங்கி கியர் உள்ள கார்களை வாங்குகிறீர்கள். "கிளட்சு மிதிக்க வேண்டாம், கியர் போட வேண்டாம்" என்பது உண்மைதான். ஆனால் கியரைப் பற்றி நினைக்கவே வேண்டாம் என்று எண்ணினால் அது ஆபத்து.

எத்தனை வகை?

முதல் வகையில் கிளட்சுக்குப் பதில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கும். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை ஓடவிட்டால், அதன் காற்றில் மற்றது சுழலும் அல்லவா? அதுபோல இங்கே காற்றுக்குப் பதில் எண்ணெய் விசையைக் கடத்துகிறது. இரண்டாம் வகை ஏ.எம்.டி. இதில் இருப்பது சாதாரண கியர்ப்பெட்டியும் கிளட்சும்தான். நம் காலும் கையும் செய்யும் வேலையை ஒரு கருவி செய்கிறது. 2014-இல் மாருதி செலேரியோ இம்முறையில் வந்த பின், விலை குறைந்த கார்கள் பலவற்றில் இது வந்துவிட்டது. மூன்றாம் வகை சி.வி.டி. இரு புல்லிகளுக்கு இடையே உலோகப் பட்டை ஓடும். உங்கள் வண்டி எந்த வகை என்பதை முதலில் கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

இறக்கத்தில் செய்ய வேண்டியது

நான் செய்த தவற்றையே சொல்கிறேன். முதன்முதலில் தானியங்கிக் காரில் இந்த மலையை விட்டு இறங்கியபோது, நெம்புகோலை 'டி' நிலையிலேயே விட்டுவிட்டேன். வண்டி மேல் கியருக்குப் போய்விட்டது. எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தவில்லை. வளைவுக்கு வளைவு பிரேக்கையே மிதித்தேன். பாதி வழியில் கருகிய வாசனை வந்தது. பெடல் மெத்தென்று உள்ளே போனது. நல்ல வேளையாக ஓர் அகலமான இடம் கிடைத்தது. முக்கால் மணி நேரம் ஆறவிட்ட பிறகே இறங்கினேன்.

ஆகவே இறக்கம் தொடங்கும் முன்பே 'எல்' அல்லது '2' நிலைக்கு மாற்றுங்கள். ஏ.எம்.டி. வண்டியானால் 'எம்' நிலைக்கு வந்து, இரண்டாம் கியரோ முதல் கியரோ வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் சத்தம் கூடும், பயப்பட வேண்டாம். எருது பாரத்தை இழுத்துப் பிடிப்பது போல எஞ்சின் வண்டியைப் பிடிக்கிறது என்பதே அதன் பொருள். பிரேக்கைத் தொடர்ந்து மிதித்திருக்காமல், விட்டுவிட்டு அழுத்துங்கள். சூடேறிய பிரேக்கின் மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவது பெருந்தவறு. இக்கால எஞ்சின்கள், கியரில் இறங்கும்போது எரிபொருளைத் தாமே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் ஓட எரிபொருள் செலவாகிறது.

ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால் ஆக்சிலேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள். ஏ.எம்.டி.யில் கிளட்சுத் தட்டு கருகும். கன்வெர்ட்டர் வண்டியில் எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடேறும். ஹேண்ட் பிரேக்கைப் பயன்படுத்துங்கள்.

எண்ணெயே உயிர்

கன்வெர்ட்டர் வண்டியில் விசை கடத்துவதும், கியர் மாற்றுவதும், குளிர்விப்பதும் எண்ணெய்தான். அளவுக்கம்பி உள்ள வண்டியில் மாதம் ஒருமுறை பாருங்கள். சிறிது தூரம் ஓட்டிச் சூடேற்றி, சமதளத்தில் 'பி' நிலையில் நிறுத்தி, எஞ்சின் ஓடும்போதே பார்ப்பது பொது முறை. சில வண்டிகளில் எஞ்சினை நிறுத்திப் பார்க்க வேண்டும்; கையேட்டின்படி செய்க. அளவுக்கம்பி இல்லாத வண்டியை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். குறைந்தாலும் தீங்கு, கூடினாலும் நுரைத்துத் தீங்கு. கையேட்டில் சொன்ன எண்ணெயைத் தவிர வேறு ஊற்றாதீர்கள். மலை ஓட்டம் கடின ஓட்டம். எனவே எண்ணெயைச் சீக்கிரமே மாற்ற வேண்டும்.

பிரேக் எண்ணெய் ஈரத்தை இழுக்கும். ஈரம் சேர்ந்தால் எளிதில் கொதிக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

நோயும் அறிகுறியும்

1. எண்ணெய் தெளிந்த சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் நலம். கறுத்து, கருகிய வாசனை வந்தால் உள்தட்டுகள் தேய்கின்றன.

2. பால் கலந்த தேநீர் போல இருந்தால் ரேடியேட்டர் நீர் கலந்துவிட்டது. வண்டியை ஓட்டவே கூடாது.

3. நெம்புகோலைப் போட்டபின் வண்டி நகர ஓரிரு விநாடிக்கு மேல் தாமதித்தால், எண்ணெய் குறைவோ உள்கசிவோ இருக்கலாம்.

4. எஞ்சின் இரைந்தும் வண்டி வேகம் பிடிக்காவிட்டால் வழுக்கல் நோய். ஏ.எம்.டி.யில் கிளட்சுத் தட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

5. ஏ.எம்.டி.யில் கியர் மாறும்போது சிறு தயக்கம் இயல்பு. அதற்காகச் செலவு செய்ய வேண்டாம்.

6. இரவில் வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வையுங்கள். காலையில் சிவப்புச் சொட்டு இருந்தால் கியர் எண்ணெயாகவும், கறுப்பானால் எஞ்சின் எண்ணெயாகவும் இருக்கலாம்.

பழுதான தானியங்கி வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. பாட்டரியை நன்றாக வைத்திருங்கள். ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருள, கயிறு கட்டியும் இழுக்காதீர்கள். எஞ்சின் ஓடாதபோது பம்பும் ஓடாது. எண்ணெயின்றி உள்ளே தேய்ந்துபோகும்.

பழைய வண்டி வாங்குவோருக்கு

எஞ்சின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். முன்பே சூடேற்றி வைத்திருந்தால் குறை மறைந்திருக்கக் கூடும். மேட்டில் முன்னாலும் பின்னாலும் ஏற்றிப் பாருங்கள். ஆறு மாத மிளகு வருமானத்தை, பார்க்காமல் வாங்கிய கியர்ப்பெட்டி விழுங்கிவிடக் கூடாது.

உழவர் பெருமக்களே, மாட்டின் கால் தாங்குவதை நடையிலேயே கண்டுபிடிப்பவர்கள் நீங்கள். அதே கண்ணையும் காதையும் மூக்கையும் வண்டிக்கும் கொடுங்கள். காரவள்ளி இறக்கத்தில் முதல் வளைவுக்கு முன்பே கியரைக் குறையுங்கள்.