முயலும் வாத்தும் ஒரே தொண்டையில்



1951-இல் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட 'ராபிட் ஃபயர்' என்றொரு கார்ட்டூன் உண்டு. ஏழெட்டு நிமிஷம் ஓடும். பக்ஸ் பன்னி என்கிற முயல், டாஃபி டக் என்கிற வாத்து, துப்பாக்கியும் கையுமாக ஓர் அசட்டு வேட்டைக்காரர். இப்போது சுட வேண்டியது முயலையா வாத்தையா என்று முயலும் வாத்தும் அவர் முன்னால் மல்லுக்கு நிற்கின்றன. "வாத்து" என்கிறது முயல். "முயல்" என்கிறது வாத்து. வாத்து, முயல், வாத்து, முயல் என்று வேகம் ஏறிக்கொண்டே போகும்போது, முயல் குரலைக் கொஞ்சமும் உயர்த்தாமல் "முயல்" என்று கட்சி மாறிவிடுகிறது. கோபம் தலைக்கேறிய வாத்து, எதிராளி சொன்னதை மறுத்தே தீர வேண்டும் என்ற வெறியில் "வாத்து! சுடு!" என்று கத்துகிறது. சுடப்படுகிறது.

இதுவரை கதை எழுதியவரின் கெட்டிக்காரத்தனம், இயக்குநர் சக் ஜோன்ஸின் கெட்டிக்காரத்தனம். அடுத்து வருவதுதான் நான் சொல்ல வந்தது. முயல், வாத்து வேஷம் போட்டுக்கொண்டு வாத்தைப் போலப் பேசுகிறது. வாத்து, முயல் வேஷம் போட்டுக்கொண்டு முயலைப் போலப் பேசுகிறது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் தெரியும்: வாத்து பேசுகிற முயல் குரல் அசல் முயல் குரல் இல்லை. உச்சரிப்பு முயலுடையது, அடியில் ஓடுகிற பதற்றம் வாத்தினுடையது. அதேபோல முயல் பேசும் வாத்துக் குரலில் முயலின் நிதானம் கசிகிறது. இந்த நான்கு குரல்களும் ஒரே மனிதருடையவை. அவர் பெயர் மெல் பிளாங்க்.

அவரை 'ஆயிரம் குரல் மனிதர்' என்று அமெரிக்காவில் கொண்டாடினார்கள். எனக்கு அந்தப் பட்டத்தில் அவ்வளவு உடன்பாடு இல்லை. எண்ணிக்கையைச் சொல்லி வியப்பது வித்தை காட்டுபவருக்குச் செய்கிற மரியாதை. மிமிக்ரி தெரிந்தவர், ஏற்கெனவே உலகத்தில் இருக்கிற ஒரு குரலைத் தன் தொண்டைக்குக் கொண்டுவருகிறார். பிளாங்க் செய்தது வேறு. படம் வரைந்த காகிதத்தையும் கதைப் பலகையையும் அவர் முன்னால் வைப்பார்கள். அந்தப் பிராணி எப்படிப்பட்டது, முரடா, பயந்தாங்கொள்ளியா, தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு, இல்லாத குரலை உண்டாக்குவார். 1960-இல் 'ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்' தொடரில் பார்னி ரபிள் என்ற பாத்திரத்துக்கு, அப்போது பிரபலமாக இருந்த ஒரு தொலைக்காட்சி நகைச்சுவை நடிகரின் சாயலில் பேசச் சொன்னார்கள். இன்னொருவரைப் போலச் செய்வதில் அவருக்கு விருப்பமில்லை. மறுத்துவிட்டுத் தன் வழியில் பேசினார்.

இல்லாத குரலை உண்டாக்கும் இந்தப் பழக்கம் அவருக்கு வந்தது வானொலியில். 1908-இல் சான்பிரான்சிஸ்கோவில் பிறந்து, ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில் வளர்ந்தவர். 1927-இல், பத்தொன்பது வயதில், அந்த ஊர் வானொலியில் நுழைந்தார். 1933-இல் திருமணம். மனைவி எஸ்டெலும் அவருமாக ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். வேறு நடிகர்களை வைத்துக்கொள்ள நிலையத்தில் பணம் தர மாட்டார்கள். எனவே கதையில் எத்தனை பேர் வந்தாலும் அத்தனை பேரும் இவரே. சம்பளம் சொற்பம், பயிற்சி ஏராளம். மைக் முன்னால் கையசைவும் முகபாவமும் செல்லாது. குரலை வைத்தே ஆளை அடையாளம் காட்ட வேண்டும், அதுவும் முதல் இரண்டு வார்த்தைகளுக்குள். கேட்பவர் 'இது யார்?' என்று ஒரு விநாடி குழம்பினாலும் சிரிப்பு போய்விடும்.

பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ். வார்னர் பிரதர்ஸுக்குக் கார்ட்டூன் தயாரித்துக் கொடுத்த லியான் ஷ்லெசிங்கரின் ஸ்டூடியோவுக்கு நடையாய் நடந்தார். பொறுப்பில் இருந்தவர், 'எங்களுக்குத் தேவையான குரல்கள் இருக்கின்றன' என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். அந்த இடத்துக்கு ட்ரெக் பிரவுன் வந்த பிறகுதான் கதவு திறந்தது. முதல் வேடம், குடித்துவிட்டுத் தள்ளாடும் ஒரு காளை. படம் 1937-இல் வந்தது.

அதே ஆண்டில் போர்க்கி என்ற, திக்கித் திக்கிப் பேசும் பன்றி அவர் கைக்கு வந்தது. அதற்கு முன்பு போர்க்கிக்குப் பேசியவருக்கு நிஜமாகவே திக்குவாய். எங்கே திக்கும், எப்போது விடுபடும் என்பது அவர் கையில் இல்லாததால் ஒலிப்பதிவில் பிலிம் வீணாகிக்கொண்டிருந்தது. திக்குவாயை வைத்துச் சிரிக்கவைப்பது இன்றைக்கு நமக்கு உறுத்தும், உறுத்தவும் வேண்டும். ஆனால் பிளாங்க் அதில் செய்த மாற்றத்தைக் கவனியுங்கள். போர்க்கி ஒரு சொல்லில் மாட்டிக்கொள்கிறது, முட்டி மோதிப் பார்க்கிறது, பிறகு அந்தச் சொல்லையே விட்டுவிட்டு வேறொன்றைப் பிடித்துக்கொண்டு கரையேறுகிறது. நம் தமிழில், "சா… சா… சாப்… சோறு" என்று முடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தடை வந்த தெருவை விட்டுச் சந்து வழியாக வீடு போய்ச் சேர்கிற ஆளைப் போல, அந்தப் பன்றி தன் சாமர்த்தியத்தால் பிழைக்கிறது. நாம் சிரிப்பது அந்தச் சாமர்த்தியத்துக்கு.

1940-இல் வந்த 'எ வைல்ட் ஹேர்' படத்தில் பக்ஸ் பன்னி இன்று நாம் அறிந்த உருவத்தை எடுத்தது. நியூயார்க்கின் புரூக்ளின், பிராங்க்ஸ் வட்டாரப் பேச்சுகள் இரண்டையும் குழைத்து அந்த முயலுக்குக் குரல் கொடுத்தார். துப்பாக்கி முனையில் நின்றுகொண்டு, தெருமுனைக் கடையில் வம்பளக்கிற தோரணையில் பேசும் முயல். அது கேரட் கடிக்கிற சத்தம் உண்மையான கேரட்டினுடையது. ஆப்பிள், செலரித் தண்டு எல்லாவற்றையும் முயன்று பார்த்தார்கள், அந்த 'நறுக்' வரவில்லை. சிக்கல் என்னவென்றால் கேரட்டை மென்று விழுங்கிவிட்டு அடுத்த வசனம் பேச நேரம் போதாது. ஆகவே கடிப்பார், மெல்வார், ரெக்கார்டிங்கை நிறுத்துவார்கள், பக்கத்தில் வைத்திருக்கும் கூடையில் துப்பிவிட்டுப் பேசுவார். அவருக்குக் கேரட் ஒத்துக்கொள்ளாது என்று பரவிய கதையில் உண்மை இல்லை.

சில்வெஸ்டர் பூனைக்கு அவர் தன் இயல்பான குரலைத்தான் கொடுத்தார். எச்சில் தெறிக்கத் தெறிக்கப் பேசினார், அவ்வளவே. டாஃபி வாத்துக்கும் ஏறக்குறைய அதே பேச்சு. ஒலிப்பதிவை ட்ரெக் பிரவுன் சற்றே வேகப்படுத்தியதும் பூனை வாத்தாகிவிட்டது. கருவி இதில் உதவியது, மறைப்பதற்கில்லை. ஆனால் வேகப்படுத்தினாலும் சொற்கள் தெளிவாக விழும்படி முதலில் பேசிக்கொடுக்க வேண்டுமே. மீசைக்காரக் குள்ளன் யோசமிட்டி சாமுக்கோ கருவி எதுவும் கைகொடுக்கவில்லை. அடிவயிற்றிலிருந்து கத்தியாக வேண்டும், தொண்டை ரணமாகிவிடும்.

நகைச்சுவை நடிகர் ஜாக் பென்னியின் வானொலி நிகழ்ச்சியைப் பற்றிச் சொல்லாமல் பிளாங்கைப் பற்றிப் பேச முடியாது. முதலில் அவருக்குக் கிடைத்தது பென்னி வீட்டுக் காவல் கரடியின் உறுமல். மாதக்கணக்கில் உறுமிவிட்டு, 'எனக்குப் பேசவும் வரும் ஐயா' என்று பென்னியிடம் சொன்னாராம். இன்னொரு நாள், பென்னியின் பழைய மேக்ஸ்வெல் கார் கிளம்பும் சத்தத்துக்காக வைத்திருந்த இசைத்தட்டு நேரம் பார்த்து ஓடவில்லை. நேரடி ஒலிபரப்பு. ஸ்டூடியோவில் வேலை செய்தவர்களுக்கு அந்த வயிற்றுக் கலக்கம் தெரியும். பிளாங்க் மைக்கைப் பிடித்து இருமி, விக்கி, தும்மி, பெருமூச்சு விட்டு அந்தக் காரைத் தன் வாயாலேயே கிளப்பினார். அன்றிலிருந்து இசைத்தட்டுக்கு வேலை போயிற்று.

அதே நிகழ்ச்சியில் மெக்சிகோக்காரராக வருவார். பென்னி நீட்டி முழக்கிக் கேட்பார், இவர் ஒற்றை அசையில் பதில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார். முகத்தில் சலனமே இருக்காது. பென்னியால் சிரிப்பை அடக்க முடியாது. ஆனால் இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மெக்சிகோக்காரர் என்றால் இப்படித்தான் என்ற வார்ப்புக்கு அவருடைய திறமையும் துணைபோனது. அவர் குரல் கொடுத்த ஸ்பீடி கான்சாலெஸ் என்ற மெக்சிகோ எலி வரும் படங்களை 1999-இல் கார்ட்டூன் நெட்வொர்க் சில காலம் ஒளிபரப்பாமல் நிறுத்தியது. திரும்பக் கேட்டு வாங்கியவர்களில் மெக்சிகோ வம்சாவளியினரே பலர் என்பது வேடிக்கை.

தன் பெயரிலேயே, தன்னையே பாத்திரமாக வைத்து 1946-இல் ஒரு வானொலித் தொடர் நடத்தினார். ஒரே பருவத்தோடு முடிந்துவிட்டது. திரையில் முகம் காட்டிய படங்களிலும் சொல்லிக்கொள்ள அதிகமில்லை. நேயர்கள் அவரிடம் எதிர்பார்த்தது அவரை அல்ல.

சம்பள உயர்வு கேட்டுக் கிடைக்காதபோது, அதற்குப் பதிலாகத் திரையில் பெயர் போடச் சொல்லி வாங்கினார். கார்ட்டூனுக்குக் குரல் கொடுப்பவரின் பெயரைப் போடும் வழக்கமே இல்லாத காலம். பெரிய காரியம்தான். ஆனால் பலகாலம் அவர் பெயர் ஒன்றே வந்தது. 'ராபிட் ஃபயர்' வேட்டைக்காரருக்குப் பேசிய ஆர்தர் கியூ. பிரையன் பெயர் வரவில்லை. கிழவிக் குரல்களில் கெட்டிக்காரியான ஜூன் ஃபோரே பெயரும் அப்படித்தான். இதனால் எல்லாக் குரலும் பிளாங்க் என்ற எண்ணம் ஊன்றிவிட்டது.

1961 ஜனவரி 24. சன்செட் பூல்வார்டில் ஓர் அபாயகரமான வளைவில் கார் நேருக்கு நேர் மோதியது. இரண்டு கால்களும் இடுப்பும் முறிந்து, வாரக்கணக்கில் நினைவின்றிக் கிடந்தார். பெயர் சொல்லி அழைத்தபோது அசையவில்லை. ஒரு மருத்துவர், 'பக்ஸ் பன்னி, எப்படி இருக்கிறாய்?' என்று கேட்டார். முயல் குரலில் பதில் வந்தது. பிறகு உடம்பெல்லாம் மாவுக்கட்டோடு வீட்டுக் கட்டிலில் படுத்திருக்க, மேலே மைக்கைத் தொங்கவிட்டு ஃபிளின்ட்ஸ்டோன்ஸ் ஒலிப்பதிவு நடந்தது.

1988-இல் 'ஹூ ஃப்ரேம்ட் ராஜர் ராபிட்' படத்தில் பக்ஸும் டாஃபியும் போர்க்கியும் எண்பது வயதை எட்டிய அவருடைய குரலில் மறுபடி பேசினார்கள். யோசமிட்டி சாமின் கத்தலை மட்டும் ஜோ அலாஸ்கி என்ற இளைஞரிடம் கொடுத்தார்கள். நீண்டகாலப் புகைப்பழக்கம் நுரையீரலைத் தின்றிருந்தது. 1989 ஜூலை 10 அன்று காலமானார்.

அதன்பிறகு அந்தப் பிராணிகளைப் பலர் பங்கிட்டுக்கொண்டார்கள். அலாஸ்கி, ஜெஃப் பெர்க்மன், பில்லி வெஸ்ட், இப்போது எரிக் பௌசா. எல்லோரும் கைதேர்ந்தவர்கள். பௌசாவின் வாத்து எனக்குப் பிடிக்கும். ஆனால் அவர்களிடம் ஸ்டூடியோ கேட்பது பழைய குரல் அச்சு அசலாக வேண்டும் என்பதைத்தான். பிளாங்க் தனக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய வேலை அது.